முதல் புல்லாங்குழல் எதை வாங்கலாம்? 5 குழல்கள் வாங்கிய அனுபவம்

நான் தையல் வேலை செய்கிறவள். 25 வருஷமாக அளவு டேப்பும் கத்தரியுமாகத்தான் பொழுது போகிறது. 46 வயதில் புல்லாங்குழல் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். 3 வருஷத்தில் 5 குழல்கள் வாங்கியாகிவிட்டது. புதிதாகக் கற்க வருகிற ஒருவர் கையில் முதலில் எதைக் கொடுப்பேன் என்று கேட்டால், அந்த ஐந்தில் பிவிசி குழாயில் செய்த குழலை எடுத்துக் கொடுப்பேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் மற்ற நான்கும் எனக்குத் தராத ஒன்றை அது தந்தது. தப்பான சுருதி வந்தால் தப்பு என்னுடையது என்று நம்ப முடிந்தது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல, முதல் குழலின் கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில் வாங்கியது மூங்கில் குழல். மேலே சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக வர்ணம், இரண்டு முனையிலும் பளபளவென்று நூல் சுற்று. விலை மிகக் குறைவு. விற்றவர் ஊதிக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஊதினால் முதல் மூன்று நாள் வெறும் காற்றுதான். நான்காம் நாள் சத்தம் வந்தது. அன்றைய சந்தோஷத்தை இப்போதும் சொல்லி முடியாது. அப்புறம்தான் கஷ்டம் ஆரம்பித்தது. சட்ஜம் வரும், ரிஷபம் ஏதோ வரும், மத்திமத்துக்குப் போனதும் எல்லாம் கலைந்துவிடும். தம்புரா செயலியைப் போட்டுக்கொண்டு ஊதினால் பஞ்சமம் எப்போதும் முகம் சுளிக்க வைக்கும். என் காது சரியில்லை, மூச்சு போதவில்லை, வயசாகிவிட்டது என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு 4 மாதம் தினமும் அரை மணி நேரம் அந்தக் குழலோடு மல்லுக்கட்டினேன்.

பிறகு ஒரு டீச்சரிடம் சேர்ந்தேன். முதல் நாள் நான் ஊதியதை முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் குழலைக் கேட்டு வாங்கி, ஈரத் துணியால் துடைத்துவிட்டு அவரே ஊதினார். அவர் ஊதியபோதும் பஞ்சமம் அதே மாதிரி முகம் சுளித்தது. இரண்டு தரம் ஊதிப் பார்த்துவிட்டு, "உங்க மூச்சு நல்லாத்தான் இருக்கும்மா. இந்தக் குழல்ல நான் ஊதினாலும் இப்படித்தான் வரும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 4 மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேனே என்ற ஆற்றாமை அது.

டீச்சர் ஏன் என்று விளக்கியபோது என் தொழிலை வைத்தே புரிந்துகொண்டேன். மூங்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. உள்விட்டம் மாறும், சுவரின் கனம் மாறும், ஒரே மூங்கிலிலேயே ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருக்கும். துளை எங்கே வர வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்தந்த மூங்கிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல குழல் செய்கிறவர் ஒரு துளை போடுவார், ஊதிப் பார்ப்பார், கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவார், மறுபடி ஊதிப் பார்ப்பார். விலை மலிவான வர்ணக் குழலில் ஒரே அளவுகோலை வைத்து நூறு மூங்கிலில் துளை போட்டுவிடுகிறார்கள். ஒரே அளவில் நூறு சட்டை வெட்டி நூறு பேருக்குக் கொடுக்கிற மாதிரிதான். நாலு பேருக்குப் பொருந்தலாம். மற்றவர்களுக்குத் தோள் இறங்கும், கை பிடிக்கும்.

பிவிசி குழாயில் இந்தத் தொல்லை இல்லை. ஆலையில் இயந்திரத்தில் செய்த குழாய் என்பதால் உள்விட்டமும் சுவரின் கனமும் முழு நீளத்துக்கும் சீராக இருக்கும். ஒரு குழலில் சரியாக அமைந்த அளவு அடுத்த குழலிலும் சரியாகவே அமையும். விலை குறைவாக இருந்தும் சுருதி சுத்தமாக இருக்க அதுதான் காரணம். மலிவான மூங்கில் குழலில் மூங்கில் மலிவு என்பதால் கெடுதல் இல்லை. ஊதிப் பார்த்துச் சரிசெய்கிற அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்களே, அதனால்தான் கெட்டுப்போகிறது. அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க முடிந்தால் மூங்கில், முடியாவிட்டால் பிவிசி. இதுதான் என் கணக்கு.

இரண்டாவதாக வாங்கியது டின் விசில். ராபர்ட் கிளார்க் என்பவர் 1843இல் தகரத்தில் செய்து விற்கத் தொடங்கிய கருவியின் வழியில் வந்தது. ஆறு துளை, வாயில் வைத்து நேராக ஊதினால் போதும், முதல் மூச்சிலேயே சத்தம் வந்துவிடும். டீச்சரிடம் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், குழலில் மனசு உடைந்து போயிருந்த நேரத்தில் இதை வாங்கினேன். நல்ல பொருள், குறையே சொல்ல மாட்டேன். விரல்கள் தனித்தனியாக எழுந்து விழப் பழகியது இதில்தான். ஆனால் விசிலில் காற்றைப் பிளக்கிற வேலையை அதன் வாய்ப்பகுதியே செய்துவிடுகிறது. குழலில் அந்த வேலையை உதடு செய்ய வேண்டும். அதனால் ஆறு மாதம் விசில் ஊதியவருக்கும் குழலில் உதடு புதிதாகத்தான் பழக வேண்டியிருக்கும். ஸ்வரத்தை வளைத்து இழுக்கிற சுகமும் விசிலில் பாதிதான் கிடைக்கும். சின்னக் குழந்தைக்கு, அல்லது பாட்டு சீக்கிரம் வர வேண்டும் என்கிறவருக்கு இது போதும். நேராகப் பிடித்து ஊதுகிற ரெக்கார்டர் என்கிற குழலும் இதே இனம்தான். யமஹாவின் பிளாஸ்டிக் ரெக்கார்டர்கள் விலைக்கு மேல் சுருதி சுத்தம் உள்ளவை. வாங்கினால் ஒய்ஆர்எஸ் 23 மாடல் ஜெர்மன் விரல்முறை, ஒய்ஆர்எஸ் 24பி மாடல் பரோக் விரல்முறை என்பதைக் கவனித்து, சொல்லித் தருகிறவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே வாங்குங்கள்.

மூன்றாவது குழல்தான் அதிக விலை கொடுத்து வாங்கியது. பன்னாலால் கோஷ் வாசித்த பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, அந்த அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரியான நாதத்தில் மயங்கிப் போனேன். வட இந்தியப் புல்லாங்குழலான பான்சுரியைச் சுமார் 32 அங்குல நீளத்துக்குக் கொண்டுவந்து கச்சேரி மேடையில் நிறுத்தியவர் அவர். நானும் நீளமான பான்சுரி ஒன்று வரவழைத்தேன். அருமையான வேலைப்பாடு, சுருதியில் ஒரு மாசு சொல்ல முடியாது. டீச்சர் வாங்கி ஊதியபோது அறையே நிறைந்தது. என் கையில்தான் அது நிற்கவில்லை. இடது கை மோதிர விரல் துளையை எட்டினால் ஆள்காட்டி விரல் நகர்ந்துவிடும், ஆள்காட்டி விரலைச் சரிசெய்தால் மோதிர விரல் ஓரத்தில் காற்று கசியும். பத்து நாளில் மணிக்கட்டு வலி ஊசி பிடிக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. என் பிழைப்பே ஊசிதான், அதனால் நிறுத்திவிட்டேன். அந்தக் குழல் இப்போதும் துணி உறைக்குள் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் கழித்து எடுப்பேன்.

நீளமான குழலின் நாதம் பிடித்துப்போய் அதையே முதலில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். குழல் நீளமானால் துளைகளின் இடைவெளி விரியும், துளையும் பெரிதாகும், மூச்சும் அதிகம் கேட்கும். மூன்று கஷ்டமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வளர்ந்தவர்களுக்குக் கர்நாடக முறையில் 5 கட்டை அல்லது ஐந்தரைக் கட்டைக் குழல் வசதி (கட்டை என்பது சட்ஜம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் கணக்கு). ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், விரல்கள் இயல்பாக விழும், மூச்சும் அளவாகச் செலவாகும். அதைவிடச் சின்னக் குழலில் விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், மேல் ஸ்தாயி காதைக் குத்தும்.

கட்டை என்றதும் ஒரு எச்சரிக்கை. பெயர்க் குழப்பத்தால் தவறான குழல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர், நானும் ஏறக்குறைய ஏமாந்திருப்பேன். ஒரே குழலுக்கு மூன்று பெயர் இருக்கலாம். மேற்கத்திய முறையில் ஆறு துளையையும் மூடினால் வருகிற ஸ்வரம்தான் குழலின் பெயர். ஆறும் மூடி டி வந்தால் அது டி குழல். பான்சுரிக்காரர்கள் வாய்ப்பக்கத்திலிருந்து மூன்று துளை மூடி வருவதைச் சட்ஜம் என்பார்கள், அதே குழல் அங்கே ஜி. கர்நாடக முறையில் முதல் இரண்டு துளை மூடினால் சட்ஜம், அதனால் நமக்கு அது ஏ, அதாவது 6 கட்டை. மேற்கத்திய டி, பான்சுரி ஜி, கர்நாடக 6 கட்டை, மூன்றும் ஒரே நீளக் குழாய்தான். அதனால் "ஜி குழல் வேண்டும்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். "இரண்டு துளை மூடினால் என்ன ஸ்வரம் வரும்?" என்று கேளுங்கள். கேட்ட உடனே பதில் சொல்கிறவர் குழல் தெரிந்தவர். இன்னொன்று, ஒரே சுருதிப் பெயரில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பேஸ் குழலும் உண்டு, அது இரண்டு மடங்கு நீளம். நீளத்தையும் சென்டிமீட்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துளைகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசம் உண்டு. கர்நாடகக் குழலில் ஊதும் முத்திரைத் துளை போக 8 துளை. அதில் கடைசித் துளையை விரலால் மூடுவதில்லை, திறந்தே இருக்கும். பான்சுரியில் 6 அல்லது 7. மேற்கத்திய எளிய குழலில் 6. எந்த இசை கற்கப் போகிறீர்களோ அதற்கு உரியதை வாங்குவதுதான் சரி. ஆனால் இருப்பது ஆறு துளைக் குழல்தான் என்றால் அதற்காகக் கற்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆரம்பப் பாடங்கள் அதிலும் வரும். கடையில் வெறுமனே ஃப்ளூட் என்று கேட்டால் சாவிகள் நிறைந்த உலோகக் குழலைக் காட்டலாம். அது தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளைக் குழலின் வழிவந்த வேறு கருவி. அதன் விரல்முறையும் வேறு, விலையும் வேறு.

சரி, நாலாவது குழலுக்கு வருகிறேன். பிவிசி, 8 துளை, 5 கட்டை. டீச்சர்தான் சொல்லி வாங்க வைத்தார். வெள்ளைக் குழாய், ஒரு முனையில் தக்கை, வேறு அலங்காரம் எதுவும் இல்லை. கையில் வாங்கியதும் நான் பார்த்தது முத்திரைத் துளையின் விளிம்பை. விரல் நுனியால் தடவினால் பிசிறு எதுவும் தட்டுப்படக் கூடாது, ஆனால் விளிம்பு மழுங்கியும் போயிருக்கக் கூடாது. உதட்டிலிருந்து போகிற காற்று எதிர் விளிம்பில் மோதித்தான் இரண்டாகப் பிளக்கிறது, நாதம் பிறக்கிற இடமே அந்த ஓரம்தான். என் முதல் மூங்கில் குழலில் அந்த ஓரத்தில் வர்ணம் திரண்டு மெழுகு மாதிரி உருண்டிருந்தது. அதனால்தான் முதல் மூன்று நாள் வெறும் காற்றாகவே வந்திருக்கிறது. பிவிசியில் அந்த விளிம்பு கத்தரி வெட்டிய துணி ஓரம் மாதிரி தெளிவாக இருந்தது. ஐந்தாவது மூச்சிலேயே முழு நாதம்.

அன்று சாயங்காலம் போனில் சுருதி காட்டும் செயலியைப் போட்டு, காகிதத்தில் ஒவ்வொரு ஸ்வரமாக எழுதினேன். அரை ஸ்வரத்தை 100 பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று அந்தச் செயலி காட்டும். அந்தப் பங்குக்கு சென்ட் என்று பெயர். என் பிவிசியில் எல்லா ஸ்வரமும் 15 முதல் 20 சென்ட் வரை இறங்கி இருந்தன. முதலில் பயந்துபோனேன். டீச்சரிடம் காகிதத்தைக் காட்டியபோது சிரித்துவிட்டு, "எல்லாம் ஒரே அளவு இறங்கியிருந்தா அது நீங்க. ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கியிருந்தா அது குழல்" என்றார். முத்திரைத் துளையை உதட்டால் அதிகம் மூடியிருக்கிறேன், மூச்சும் மெதுவாகப் போயிருக்கிறது, அதனால் எல்லாம் சேர்ந்து இறங்கின. குழலை வெளிப்பக்கமாக ஒரு நூல் அளவு உருட்டியதும் எல்லாம் சேர்ந்து ஏறின. பழைய வர்ணக் குழலை எடுத்து அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். சட்ஜம் 10 சென்ட் கீழே, பஞ்சமம் 35 சென்ட் மேலே, நிஷாதம் மறுபடி கீழே. எப்படி உருட்டினாலும் ஒன்று சரியாகும்போது மற்றொன்று கெடும்.

புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது இல்லை. ஊதத் தெரியாதவர்கூட, ஒரே பலத்தில் நான்கு ஸ்வரம் ஊத வந்துவிட்டால் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் முதலில் குழலை இரண்டு நிமிஷம் ஊதிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். குளிர்ந்த குழலை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நியாயமாக இருக்காது.

மேல் ஸ்தாயியையும் சோதிக்க வேண்டும். அதே விரல்களை வைத்துக்கொண்டு மூச்சைக் கூர்மையாக்கினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். கீழே சரியாக இருந்து மேலே மட்டும் பிசகினால் தக்கை இடம் மாறியிருக்கலாம். தக்கையின் முகம் முத்திரைத் துளையின் நடுவிலிருந்து ஏறக்குறைய குழாயின் உள்விட்டம் அளவு தள்ளி இருப்பது வழக்கம். கர்நாடக விரல்முறையில் காந்தாரம் வரைக்கும் விரல் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய், மத்திமத்தில் ஆறையும் மூடி மூச்சை மாற்ற வேண்டியிருக்கும். புதிதாகக் கற்கிற எல்லாரும் தடுமாறுகிற படி அதுதான். குழலும் சரியில்லை என்றால் அந்தப் படியைத் தாண்டவே முடியாது. நான் 4 மாதம் நின்ற இடம் அதுதான்.

சின்னப் பிசகு என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஒரு ஸ்வரம் கொஞ்சம் ஏறி நிற்கிறதா? அந்த ஸ்வரம் ஊதும்போது மூடிய விரல்களுக்கு அடுத்து முதலில் திறந்திருக்கிற துளையைப் பாருங்கள். அதன் வாய்ப்பக்க ஓரத்தில் ஒரு சின்ன டேப் துண்டை, பிறைச் சந்திரன் மாதிரி ஒட்டினால் ஸ்வரம் இறங்கும். இறங்கி நின்றால் அதே துளையை உருட்டு அரத்தால் மெல்லப் பெரிதாக்கலாம். ஆனால் அரம் போட்டால் திரும்ப முடியாது, துணியை வெட்டுவது மாதிரி. என் வர்ணக் குழலில் டேப் ஒட்டிப் பார்த்தேன். பஞ்சமம் சரியானது, தைவதம் கெட்டது. விட்டுவிட்டேன்.

பிவிசியின் குறைகளையும் சொல்ல வேண்டும். வியர்த்தால் வழுக்கும். இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி குழலைத் தாங்குகிற இடத்தில் பருத்தித் துணி ஒட்டும் டேப்பை ஒரு அங்குலத்துக்குச் சுற்றிவிட்டேன், பிடிமானம் வந்துவிட்டது. சுவர் ஈரத்தை உறிஞ்சாது, இருபது நிமிஷம் ஊதினால் உள்ளே நீர்த்துளி கோத்துக்கொண்டு நிற்கும். மெல்லிய துணியைக் குச்சியில் சுற்றி நடுவில் ஒரு தரம் துடைக்க வேண்டும். பெரிய குறை கீழ் ஸ்தாயியில். நல்ல மூங்கிலில் கீழ் ஸ்வரங்களுக்கு ஒரு ஈரமான, மண் வாசம் மாதிரியான கனம் இருக்கும். என் பிவிசியில் அது வரவில்லை, சத்தம் சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஆழம் இல்லை. முதல் ஒரு வருஷம் எனக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தபோது மூங்கிலுக்கு மாறுகிற நேரம் வந்துவிட்டது.

ஐந்தாவது குழல் மூங்கில், சொல்லிச் செய்தது. டீச்சருக்குப் பழக்கமான ஒருவர் செய்தார். என் விரல் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினேன், தையல்காரிக்கு அது பெரிய வேலை இல்லை. அவர் அதே 5 கட்டையில், வலது கை மோதிர விரல் துளையை மட்டும் ஒரு ஓரமாகத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். பிவிசியைப் போலப் பல மடங்கு விலை. தகுந்த விலைதான், ஒவ்வொரு துளையிலும் அவர் ஊதிப் பார்த்த நேரம் கேட்கிறது. மூங்கிலுக்குக் கவனிப்பு வேண்டும். காய்ந்த காலத்தில் நீளவாக்கில் விரிசல் விடும், அதனால்தான் அங்கங்கே நூல் கட்டு. உள்ளே எப்போதாவது எண்ணெய் தடவிய துணியை இழுக்க வேண்டும், வெயில் படுகிற வண்டிக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது. பிவிசிக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்லை, பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். வெளியூர் போனால் இப்போதும் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கிற எளிய குழலை எந்தப் பக்கமும் திருப்பிப் பிடிக்கலாம். என் குழல் மாதிரி ஒரு துளையை ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தால் திருப்ப முடியாது, செய்கிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரில் போக முடியாமல் வரவழைக்கிறவர்கள், அனுப்புகிற அதே குழலை ஊதிப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். எட்டு ஸ்வரம் ஏறி இறங்கினால் போதும், பாட்டு வேண்டாம். பாட்டில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுப்பது, எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும், தேர்ந்தவர் உதட்டாலேயே குழலின் குறையைச் சரிக்கட்டிக்கொண்டு போய்விடுவார். நீட்டி நிறுத்திய ஸ்வரத்தில்தான் குழல் தெரியும். குழலின் இயல்பான ஏழு ஸ்வரமும் அரைத் துளை இல்லாமல், அதாவது எந்தத் துளையையும் பாதி மட்டும் மூடாமல், வந்தால் கர்நாடக முறையில் அது ஹரிகாம்போதி ராகம். மாயாமாளவகௌளை ராகத்துக்கு அரைத் துளை தேவைப்படும், ஆகவே அதை வைத்துக் குழலைச் சோதிக்காதீர்கள், ஊதுகிறவரின் விரல் அதில் கலந்துவிடும்.

என் அண்ணன் மகளுக்குப் போன மாதம் 9 வயது முடிந்தது. தானும் ஊத வேண்டும் என்றாள். புதிதாக வாங்கவில்லை, என் பிவிசியையே கொடுத்தேன். கை சின்னதாயிற்றே என்று தயங்கினேன். கீழ்த் துளைகளை விட்டுவிட்டு இடது கை மூன்று விரலில் மட்டும் தொடங்கச் சொன்னார் டீச்சர். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், ஆரம்பத்தில் காற்றை அதிகம் இறைத்துத் தலை சுற்றும் என்றும் சொல்லியிருக்கிறார். விரல் சரியாக மூடுகிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழி காட்டிக் கொடுத்தேன். ஊதி முடித்ததும் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துளை அழுந்திய தடம் முழு வட்டமாக இருந்தால் விரல் நன்றாக மூடியிருக்கிறது, ஒரு பக்கம் அறுந்திருந்தால் அந்தப் பக்கம் காற்று கசிகிறது. எனக்கு ஊசி குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலில் தடம் விழுவதே கஷ்டம், அவளுக்குப் பஞ்சு மாதிரி விரல், அழகாக விழுகிறது. நேற்று ஓடி வந்து கையை நீட்டினாள். இரண்டு விரலில் முழு வட்டம். மோதிர விரலில் முக்கால் வட்டம்தான். "அத்தை, இதுக்குக் குழல்ல தப்பா, என்கிட்ட தப்பா?" என்று கேட்டாள். குழலை வாங்கி நான் ஊதிக் காட்டினேன். "உன்கிட்டதான்டா" என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டு போய் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.